இழுவைக் கணக்கு

கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது,
அதனால் சொல்கிறேன்:
என் தம்பி ஓரினின் டீசல் பிக்கப்
என் பெட்ரோல் பிக்கப்பைவிட
ஒன்பதாயிரம் டாலர் அதிகம்.
ஆயில் மாற்றினால் என்னுடையதற்கு ஏழு குவார்ட்,
அவனுடையதற்குப் பதிமூன்று.
வடிகட்டி இரண்டு.
போதாததற்கு நீல மூடித் தொட்டியில் ஒரு திரவம்,
புகையைக் கழுவுவதற்காம்.
புகைக்குக்கூடவா குளியல் என்று கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
"இழுக்கும்போது பேசு, சிக்னி" என்றான்.

சரி, இழுக்கும்போது.

செப்டம்பரில் ரேவன் கணவாய்.
நூற்றுக்கு ஏழடி ஏற்றம், ஒன்பது மைல்.
ஆளுக்கொரு டிரெய்லர், பதினாறு கன்றுகள்,
பதினாலாயிரம் பவுண்டு,
மூச்சும் சாணமும் சேர்த்து.
அவன் முன்னால் போனான்.
அந்த இன்ஜினுக்கு அவசரம் தெரியாது.
நிமிடத்துக்கு ஆயிரத்து எழுநூறு சுற்றில்
வயிறு நிறைந்த எருது அசைபோடுவதுபோல ஏறியது.
என்னுடையது நாலாயிரத்து அறுநூறில் அலறியது.
கியரை விட்டது, பிடித்தது, மறுபடி விட்டது.
எரிபொருள் முள்ளை நான் பார்க்கவில்லை,
கடன் கொடுத்தவன் எதிரே வந்தால்
எங்கே பார்ப்போமோ அங்கே பார்த்தேன்.

உச்சியில் அவன் காப்பி குடித்து முடித்திருந்தான்.

ஏற்றத்தில் தோற்றால் அவமானம் மட்டும்தான்.
இறக்கம் வேறு.
அவன் ஒரு பொத்தானை அழுத்தினான்.
இன்ஜின் தன் புகையைத் தொண்டையிலேயே நிறுத்தி
மொத்தச் சுமையையும் பிடித்துக்கொண்டது.
பிரேக்கை அவன் கால் தொடவே இல்லை.
நான் தொட்டேன். விட்டேன். தொட்டேன்.
நாலாம் மைலில் வாசனை வந்தது,
கருகிய முடியும் தகரமும்போல.
வளைவில் பதினாறு கன்றுகளும்
ஒரே பக்கம் சாய்ந்ததை
என் முதுகெலும்பு எண்ணியது.

கீழே வந்து சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனேன்.
கையைப் பிடித்தான். "வெடிச்சிடும். ஆறட்டும்."
வேறெதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டீசலுக்கு முறுக்குவிசை அதிகம் என்று
வண்டியோடு வந்த புத்தகம் சொல்கிறது.
அன்றிரவு சாப்பாட்டு மேசையில்
விசை வெளியே நின்றிருந்தது,
முறுக்கு மட்டும் உள்ளே வந்திருந்தது.

ஜனவரி ஒன்பது.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நாலு.
டோவா, எங்கள் சாம்பல் நிறப் பெண்குதிரை,
தன் வயிற்றையே கடித்துக்கொண்டு விழுந்து புரண்டது.
மருத்துவர் எழுபது மைல் அப்பால்.
சுமை என்றால் டீசல்தான் என்று
அவன் பூட்டிக்கொண்டு கிளம்பினான்.
பதினோராவது மைலிலிருந்து போன்.
இலையுதிர்கால எண்ணெய் தொட்டியில்;
குளிர்காலக் கலவை ஊற்ற மறந்திருக்கிறான்.
கணவாயைக் கடைவாயில் போட்டு மென்ற அந்த இன்ஜின்
ஒரு காகித வடிகட்டிக்குள்
உறைந்த நெய்யாய் நின்றுவிட்டது.

என் பெட்ரோல் வண்டி
ஒருமுறை இருமியது. பிறகு ஓடியது.
அவ்வளவுதான் அதன் வீரம்.

தொட்டால் தோல் ஒட்டும் இரும்பில்
டிரெய்லரைக் கழற்றி என்னுடையதில் மாட்டினோம்.
அவன் வண்டி சாலையோரம்
விளக்கு மங்கிக்கொண்டே பின்னால் போனது.
முதல் மேட்டில் என் இன்ஜின் அலறத் தொடங்கியபோது
அவனைப் பார்த்தேன்.
"கத்தட்டும்" என்றான்.
காது பின்பக்கம் இருந்தது.
குதிரை உதைக்கும் ஒவ்வொரு உதையையும்
உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தான்.

குதிரை பிழைத்தது.
டீசல் பிழைக்க ஒன்பது நாள் ஆனது.
நோட்டில் அதற்கு முழுப் பக்கம்.

இப்போது மார்ச்.
எட்டுக் காளைகள் கணவாய்க்கு அப்பால் போகவேண்டும்,
ஒரே நடை, ஒரே ஆள்.
சாவிகள் இரண்டும் ஒரே ஆணியில்.
எது வேண்டும் என்று கேட்டான்.
வெப்பமானியைப் பார்த்தேன்.
பிறகு என் வலது காலைப் பார்த்தேன்.
"உன்னுடையது."
அவன் எதுவும் சொல்லாமல் கொட்டகைக்குப் போய்
ஒரு பாட்டில் குளிர்காலக் கலவை கொண்டுவந்து
என் பக்கத்து இருக்கையில் வைத்தான்.
வெளியே பனி சொட்டிக்கொண்டிருந்தது.